செட்டிநாட்டு வீடுகளின் மாடிச் சன்னல்களைத் துடைக்க எக்ஸ்டென்ஷன் ஏணி: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

கல்யாணமோ, முன்னோருக்குச் செய்யும் படைப்போ வருகிறது என்றால், வெளியூரில் இருக்கும் பங்காளிகள் வந்து சேர்வதற்குப் பத்து நாள் முன்பாகவே, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்துக் கழுவத் தொடங்குவது செட்டிநாட்டு ஊர்களின் வழக்கம். பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் கீழ்ப்பகுதிகள் எல்லாம் ஆட்கள் இருந்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். முகப்பின் மாடிச் சன்னல்களும், அவற்றின் தலைப்பில் அரைவட்டமாகப் பதித்த வண்ணக் கண்ணாடிகளும்தான் ஆளை உயரத்துக்கு ஏற்றுகின்றன. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வட்டாரத்துப் பெரிய வீடுகளின் அடித்தளமே தெருமட்டத்திலிருந்து சில அடி உயர்த்திக் கட்டப்பட்டது. மேலே ஒவ்வொரு தளமும் இன்றைய வீட்டைக் காட்டிலும் உயரம். எனவே தெருவில் நின்று பார்க்கும்போது கண் சொல்லும் உயரத்தை நம்பக் கூடாது. அளந்தே பார்க்க வேண்டும்.

இரு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடி நீளும் இந்த எக்ஸ்டென்ஷன் ஏணியைத் தேடுவதற்கு முன், அது உண்மையிலேயே தேவைதானா என்று ஒவ்வொரு சன்னலாகப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் சன்னல் கதவுகள் உட்பக்கமாகத் திறக்கும். அவற்றின் கண்ணாடியை அறைக்குள் நின்றபடியே இரு பக்கமும் துடைத்துவிடலாம். கம்பிகளின் வெளிப்புறத்தை நீட்டுக் கோலின் நுனியில் ஈரத்துணி கட்டித் தரையிலிருந்தே துடைக்கலாம். இப்போது நகரங்களில் கண்ணாடி துடைப்பவர்கள், கோலின் வழியே தண்ணீர் ஏறித் தூரிகையில் வழியும் கருவியைக் கொண்டு மூன்று மாடி வரை தரையில் நின்றே வேலையை முடிக்கிறார்கள். ஆனால் நூறாண்டுப் பழைய மரச்சட்டத்தில் ரீப்பர் என்னும் மெல்லிய மரப்பட்டி அடித்து நிறுத்திய வண்ணக் கண்ணாடிமேல் அவ்வளவு தண்ணீரைப் பாய்ச்சுவது எனக்கு உடன்பாடில்லை. நீர் சட்டத்துக்குள் இறங்கும், சுண்ணாம்புப் பூச்சிலும் ஊறும். அத்தகைய கண்ணாடிகளைக் கையால் துடைப்பதே முறை. ஏணி அவற்றுக்காக மட்டும் இருக்கட்டும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நீளம். கடைக்காரர் 24 அடி ஏணி என்று சொன்னால், அது 12 அடித் துண்டுகள் இரண்டு சேர்ந்தது என்று பொருள். 24 அடியும் உங்களுக்குக் கிடைக்காது. நீட்டிய பின்னும் இரண்டு துண்டுகளும் குறைந்தது 3 அடியாவது ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும் என்பதால், கையில் கிடைப்பது 21 அடிதான். அதைச் சரியான சாய்வில் நிறுத்தினால் நுனி சுவரைத் தொடுவது சுமார் 20 அடி உயரத்தில். மேலிருக்கும் மூன்று படிகளில் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பதால், நான்காவது படியில் நிற்கும் ஒருவரின் பாதம் ஏறத்தாழ 17 அடியில் இருக்கும். அங்கிருந்து எக்காமல் எட்டாமல் அவர் வசதியாகத் துடைக்கக்கூடியது சுமார் 22 அடி வரை. இந்தக் கணக்கை உங்கள் வீட்டுச் சன்னலின் மேல்விளிம்பிலிருந்து நூல் விட்டு அளந்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நீளத்தை முடிவு செய்யுங்கள். ஏணி மிக நீளமாகப் போவதும் தொல்லைதான்: நுனி, சுவருக்கு வெளியே நீளும் வளைந்த கொடுங்கையிலோ சுதைச் சிற்பத்திலோ போய் முட்டும், அதைத் தவிர்க்க அடியை வெளியே இழுத்துவிடுவார்கள், சாய்வு கெடும்.

அடுத்தது தாங்கும் எடை. தரமான ஏணியின் பக்கவாட்டில் இதைக் குறிக்கும் வில்லை ஒட்டியிருக்கும். ஐரோப்பிய இ.என். 131 தரத்தில் 150 கிலோ என்றும், அமெரிக்க முறையில் டைப் 3 என்றால் 90 கிலோ, டைப் 1 என்றால் 113 கிலோ, டைப் 1ஏ என்றால் 136 கிலோ என்றும் இருக்கும். இது ஆளின் எடை மட்டுமன்று. 75 கிலோ ஆள் பத்து லிட்டர் வாளியுடனும் கருவிகளுடனும் ஏறினாலே 90 கிலோவை நெருங்கிவிடுகிறார். ஆகவே 90 கிலோ ஏணியை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். வில்லையே இல்லாத ஏணி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இந்தியாவில் ஏணிப் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 3696 என்ற நெறிமுறையின் இரண்டாம் பகுதி இருக்கிறது. கூலி கொடுத்து ஆள் வைத்து வேலை வாங்குவோர் அதை ஒருமுறையாவது படித்திருப்பது நல்லது.

அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது; ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். தெருக்கம்பத்திலிருந்து முகப்புக்கு மின்கம்பி இழுத்திருக்கும் வீடுகளில் ஃபைபர் கிளாஸ் கால்கள் (படிகளைத் தாங்கும் இரு பக்க நெடுஞ்சட்டங்கள்) கொண்ட ஏணியே ஏற்றது. கனமும் விலையும் கூடுதலானாலும் அந்தச் செலவு தகும். அதுவும் நனைந்தோ அழுக்கேறியோ இருந்தால் பாதுகாப்பாகாது. எந்த ஏணியானாலும் மின்கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காத சன்னலை மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகுதான் தொட வேண்டும். மூங்கில் ஏணியைப் பற்றியும் கேட்பார்கள். பழகிய கொத்தனார் கையில் அது நல்ல கருவி. ஆனால் வெயிலில் காய்ந்து கணுவில் விரிசல் கண்டதும், கட்டுக்கயிறு இற்றதும் பார்வைக்குத் தெரியாது என்பதால், பூட்டிய வீட்டின் பின்கட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை எடுத்து ஏறுவதை நான் அனுமதிப்பதில்லை.

ஏணியை ஒவ்வொரு முறையும் ஏறுமுன் தரையில் கிடத்திப் பார்க்க வேண்டும். கால்கள் வளைந்திருக்கிறதா, படிகள் ஆடுகிறதா, மேல்துண்டைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிப் பூட்டுகள் இரண்டும் படியின்மேல் முழுமையாக விழுகின்றனவா, கயிறும் கப்பியும் சரியாக ஓடுகின்றனவா, அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் ஏணியை ஒதுக்கிவைக்க வேண்டும்; கம்பி கட்டிச் சமாளிக்கக் கூடாது.

இனி, இந்த வட்டாரத்து வீடுகளுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஏணி எதன்மேல் நிற்கிறதோ, எதன்மேல் சாய்கிறதோ, அந்த இரண்டும் உறுதியாக இருந்தால்தான் ஏணி உறுதி. செட்டிநாட்டு வீட்டில் இந்த இரண்டுமே வழுக்கும். அடியில், பூவேலை செய்த ஆத்தங்குடித் தரைக்கல்லோ மெருகேற்றிய பளிங்கோ இருக்கிறது. மேலே, சிப்பிச் சுண்ணாம்பை அரைத்துப் பூசிக் கண்ணாடிபோல் தேய்த்த சுவர் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், விசேஷத்துக்காக எண்ணெய் போட்டுத் துடைத்திருந்த ஆத்தங்குடித் தரையில் ஏணியை நிறுத்தி, என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஏறினார். பத்தடி ஏறுவதற்குள் ஏணியின் கால்கள் பின்னோக்கி ஓடின. நின்றபடியே கீழே வந்தவருக்கு இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கின, ஓராண்டு வேலைக்கு வர முடியவில்லை. ரப்பர் புதிதாகத்தான் இருந்தது. தரையைத் தொட்டுப் பார்க்காதது என் தவறு.

ஆகவே உள்ளே ஏணி வைக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசையை எடுத்து முழுவதும் காயவிடுங்கள். அதன் பிறகும் ஏணியின் இரு கால்களையும், அது சாயும் சுவர்ப்பக்கத்தில் இருக்கும் தூணின் அடியிலோ வாசற்படியிலோ கயிறிட்டுக் கட்டிவிடுங்கள். சாக்கையோ துணியையோ கால்களுக்கு அடியில் போடுவது வழுக்கலைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. வெளியே செம்மண் தரை கோடையில் பாறைபோல் இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் உள்ளே இறங்கும்; இரு கால்களும் சேர்ந்து நிற்கும்படி அகலமான கெட்டிப் பலகையை மட்டம் பார்த்துப் போட வேண்டும். செங்கல்லை அடுக்கி மட்டம் கொடுக்கவே கூடாது.

மேல்நுனியைக் கண்ணாடியில், சன்னல் கதவில், மழைநீர்க் குழாயில், சுதை உருவங்களில் சாய்க்கக் கூடாது. ஸ்டாண்ட்-ஆஃப் என்று கேட்டால் கிடைக்கும் இரு கைத் தாங்கியை ஏணியின் தலையில் பொருத்தினால், அதன் கைகள் சன்னலுக்கு இருபுறமும் சுவரில் பதியும். கண்ணாடி உங்களுக்கு நேர் எதிரே வரும், எட்ட வேண்டியதில்லை. கைகளின் முனையில் ரப்பர் மூடிகள் இருக்க வேண்டும். சாய்ப்பதற்கு முன் அந்த இடத்தில் சுவரை விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கே பாரம் கொடுத்தால் பூச்சும் போகும், ஆளும் விழுவார்.

நிமிர்த்தும்போது மேல்துண்டு இறங்கியே இருக்கட்டும். ஒருவர் அடியைச் சுவரோரம் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நுனியிலிருந்து படி படியாகக் கை மாற்றி நடந்துவர, ஏணி நிமிரும். பிறகு கயிற்றை இழுத்து நீட்டி, இரண்டு பூட்டுகளும் விழுந்த ஓசையைக் கேட்டு, கண்ணாலும் பார்த்து, மிச்சக் கயிற்றைக் கட்டிவிட வேண்டும். சாய்வு நான்குக்கு ஒன்று: நுனி தொடும் உயரம் 20 அடி என்றால் அடி சுவரிலிருந்து 5 அடி தள்ளி இருக்க வேண்டும், அதாவது சுமார் 75 பாகை. ஸ்டாண்ட்-ஆஃப் பொருத்தியிருந்தால் சுவரிலிருந்து அளக்கும் கணக்குத் தப்பும் என்பதால், கால் விரல்கள் ஏணியின் அடியைத் தொட நிமிர்ந்து நின்று, கைகளைத் தோள் உயரத்தில் நேராக நீட்டிப் பாருங்கள். உள்ளங்கை படியில் படிந்தால் சாய்வு சரி.

நமது சன்னல்களில் ஒரு நல்ல வசதியும் உண்டு. பர்மாத் தேக்கு நிலையில் பதித்த இரும்புக் கம்பிகள்தான் அது. ஒருவர் மாடி அறைக்குள் நின்று, கம்பி துருவேறி இற்றிருக்கவில்லை என்று உலுக்கிப் பார்த்த பிறகு, ஏணியின் மேற்பகுதியில் இரு கால்களையும் தடித்த கயிற்றால் கம்பிகளோடு சேர்த்துக் கட்டிவிட்டால், ஏணி பக்கவாட்டில் நகராது. கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட இது பல மடங்கு மேல். ஏணி சரியத் தொடங்கிய பிறகு அதைப் பிடித்து நிறுத்தும் வலிமை எவருக்கும் இல்லை. கட்டி முடியும் வரை கீழே ஆள் நிற்கட்டும், தெருப்பக்கமானால் வண்டிகளைத் தள்ளிப் போகச் சொல்லவும் ஒருவர் இருக்கட்டும்.

ஏறுமுன் அண்ணாந்து சன்னலின் மூலைகளையும் கொடுங்கையின் அடியையும் பாருங்கள். பூட்டிய வீடுகளில் கதண்டு என்னும் கொட்டும் குளவி கூடு கட்டியிருப்பது சாதாரணம், ஏணியில் நிற்கும்போது அது கலைந்தால் ஓட இடமில்லை. ஆடிக் காற்றிலும் மழையிலும் ஏற வேண்டாம்.

ஏறும்போது ஏணியைப் பார்த்தபடி, இரு கையும் ஒரு காலுமோ இரு காலும் ஒரு கையுமோ எப்போதும் ஏணியில் இருக்கும்படி ஏற வேண்டும். வாளியைக் கையில் தூக்கக் கூடாது. கிளாஸ் வைப்பரும் துணியும் சிறு தெளிப்பானும் இடுப்புப் பையில் அடங்கிவிடும், பழைய கண்ணாடிக்கு அதற்குமேல் தண்ணீரும் தேவையில்லை. தொப்புள் ஏணியின் இரு கால்களுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். அது வெளியே போகும் அளவுக்கு எட்ட வேண்டி வந்தால் இறங்கி, கட்டை அவிழ்த்து, ஏணியை நகர்த்திக் கட்டி, மறுபடி ஏறுங்கள். இதற்குச் சோம்பல்படும் இடத்தில்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். ஓரிடத்தில் அரை மணி நேரத்துக்குமேல் நிற்க வேண்டியிருந்தாலோ, கண்ணாடியைக் கழற்றிப் பழுதுபார்க்க இரு கையும் வேண்டியிருந்தாலோ, அது ஏணி வேலை அன்று. சாரம் கட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் உள்ளே நிற்பவர் கயிற்றை அவிழ்க்கும் முன் ஏணியில் இருப்பவர் தரைக்கு வந்திருக்க வேண்டும். பிறகு மேல்துண்டைச் சற்றே உயர்த்திப் பூட்டை விடுவித்து, விரலைப் படிகளுக்கு இடையே விடாமல், கயிற்றால் மெதுவாக இறக்கி, துடைத்து, வெயில் படாத பின்கட்டுச் சுவரில் இரண்டு மூன்று கொக்கிகளில் படுக்கை வாட்டத்தில் மாட்டிவையுங்கள்.