கெண்டைக்கு ரீல் டிராக் எவ்வளவு இறுக்கலாம்?

கிருஷ்ணகிரி அணையில் ஒரு பெரிய கட்லாக் கெண்டையைக் கரைக்குப் பத்தடி தூரத்தில் பறிகொடுத்தேன். தூண்டில் நரம்பு அறவில்லை; உதடு கிழிந்து தூண்டில் முள் மட்டும் திரும்பி வந்தது, அதன் நுனியில் மெல்லிய தோல் ஒட்டியிருந்தது. டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கத்தில் நரம்பை விடும் என்பதைத் திருகால் அமைக்கும் பிரேக்கை, அளவுக்கு மேல் இறுக்கியிருந்தேன்.

அன்றிலிருந்து கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்வதில்லை. பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். நரம்பை ராடின் எல்லா வளையங்களிலும் கோத்து, நுனியைத் தராசில் முடிந்து, தராசை மரத்தில் கட்டுங்கள். ராடைச் சாய்வாகத் தூக்கி மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுழன்று நரம்பு விடத் தொடங்கும்போது தராசு காட்டுவதுதான் உங்கள் டிராக். 6 கிலோ தாங்கும் நரம்பென்றால் ஒன்றரை கிலோவில் விட வேண்டும். இரண்டைத் தாண்டக் கூடாது. கட்லாவுக்கு வாய் மெத்து என்பதால் நான் ஒன்றேகாலில் வைப்பேன். விரால் செடிக்குள் புகுந்துவிடும்; அதற்கு வேறு நரம்பு, வேறு இறுக்கம்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: மீன் ஓட ஓட ஸ்பூலில் சுற்று குறையும், திருகைத் தொடாமலே இழுவை கூடும். பாதி நரம்பு போனதும் கொஞ்சம் தளர்த்துங்கள். பலரும் பதற்றத்தில் அப்போதுதான் இறுக்குகிறார்கள், அங்கேதான் அறுகிறது.

வீடு திரும்பியதும் டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். உள்ளே வாஷர்கள் நசுங்கிப் போனால் அப்புறம் ஸ்பூல் விட்டுவிட்டுத்தான் சுழலும்.