காசி மலைகளில் எட்டு நாள்: ஷில்லாங்கிலிருந்து உம்ங்கோட் ஆறு வரை

மேகாலயாவின் காசி மலைகளுக்குச் செல்பவர்களில் பலர் குவாஹாட்டியில் வாடகைக் கார் பிடித்து, ஷில்லாங், சோரா (சிரபுஞ்சி), மௌலின்னோங், டவ்கி ஆகிய நான்கையும் மூன்றே நாள்களில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அருவிகளின் எதிரே நின்று படம் எடுத்துக்கொள்ள அந்த அவகாசம் போதும். அந்த மலைகளை அறிந்துகொள்ளப் போதாது. இங்கே காடும் அருவியும் குகையும், உயிருள்ள மரத்தின் விழுதுகளால் ஆன வேர்ப்பாலமும் பெரும்பாலும் அரசின் உடைமைகள் அல்ல. அவை ஊர்களுக்கும் குலங்களுக்கும் உரியவை. நுழைவுக் கட்டணத்தை வாங்குவதும் வழிகாட்டியை அனுப்புவதும் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று விதிப்பதும் பெரும்பாலும் அந்தந்த ஊரார்தாம். ஆகவே இயற்கையைப் பார்க்க ஒரு பயணம், மக்களைப் பார்க்க இன்னொரு பயணம் என்று பிரிக்க முடியாது. எட்டு நாள் ஒதுக்கி, இடங்களைக் குறைத்து, நடையைக் கூட்டி, ஊர் வீடுகளிலேயே தங்கினால் இரண்டும் ஒருசேரக் கிடைக்கும். அப்படித் திட்டமிட விரும்புவோருக்காகவே இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது பருவம். அருவிகள் நிரம்பி விழுவதைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் போக வேண்டும். டவ்கியில் ஓடும் உம்ங்கோட் ஆற்றின் அடித்தளக் கற்கள் தெரிகிற தெளிந்த நீரைப் பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான வறண்ட மாதங்களில் போக வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டையும் முழுமையாக எதிர்பார்க்க இயலாது. மழைக்காலத்தில் அந்த ஆறு கலங்கிப் பெருகி ஓடும். குளிர்காலத்தில் பல அருவிகள் மெலிந்துவிடும். இரண்டிலும் ஓரளவு பங்கு வேண்டுவோருக்கு அக்டோபரின் பிற்பாதியும் நவம்பரும் ஏற்றவை. அப்போது மழை ஓய்ந்திருக்கும், புல்வெளிகளில் பசுமை மிச்சமிருக்கும், நடைவழிகள் காய்ந்திருக்கும். ஷில்லாங்கை அடுத்த ஸ்மித் என்னும் ஊரில், கைரிம் அரசரின் மரபு இல்லத்தின் முன் நடக்கும் நோங்க்ரெம் விழாவும் பெரும்பாலும் நவம்பரில்தான் வருகிறது. திருமணமாகாத பெண்கள் பட்டுடுத்தி, தலையில் கிரீடம் சூடி, பாதத்தை நிலத்திலிருந்து எடுக்காமலே நகர்வது போல் நடுவில் மெல்ல ஆட, ஆண்கள் வாளும் கவரியும் ஏந்தி அவர்களைச் சுற்றி ஆடுவார்கள். அதன் தேதி ஆண்டுதோறும் மாறுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் குவாஹாட்டி வரை விமானத்திலோ, கன்னியாகுமரியிலிருந்து கோயம்புத்தூர், சேலம் வழியாகத் திப்ருகர் செல்லும் விவேக் விரைவு ரயிலிலோ போகலாம். அங்கிருந்து ஷில்லாங் ஏறத்தாழ 100 கி.மீ.; பல்தன் பஜார், கானாபாரா ஆகிய இடங்களிலிருந்து பங்கு சுமோ வண்டிகள் நாள் முழுவதும் கிடைக்கும். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து போல முன்கூட்டி உள்நுழைவு அனுமதி பெற வேண்டிய கட்டாயம் மேகாலயாவில் இல்லை. அடையாள அட்டை வைத்திருந்தால் போதும். ரொக்கம் போதிய அளவு எடுத்துச் செல்லுங்கள். ஷில்லாங்கையும் சோராவையும் தாண்டிய சிற்றூர்களில் பணம் எடுக்கும் இயந்திரத்தையோ நிலையான கைப்பேசி இணைப்பையோ நம்பிப் போகக் கூடாது. மாநிலத்தின் அலுவல் மொழி ஆங்கிலம் என்பதால், இந்தி தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை.

பலரும் கவனிக்கத் தவறுகிற செய்திகள் இரண்டு உண்டு. ஒன்று, காசி மக்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடிக் கிடக்கும், பங்கு வண்டிகள் அரிதாகும், சில ஊர்கள் பயணிகளையே வரவேற்பதில்லை. அந்த நாளை இடம் மாறும் நாளாக வைக்காமல், தங்கியிருக்கும் ஊரிலேயே ஓய்வாகக் கழிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, நாட்டின் கிழக்கு ஓரம் என்பதால் குளிர்காலத்தில் மாலை நாலரை மணிக்கே கதிரவன் மறைந்துவிடும். காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறவருக்குத்தான் முழு நாளும் கிடைக்கும்; பத்து மணிக்குக் கிளம்பும் நம் விடுமுறைப் பழக்கம் இங்கே பாதி நாளைத் தின்றுவிடும்.

முதல் இரண்டு இரவுகளை ஷில்லாங்கில் கழிக்கலாம். மௌலாய் பகுதியில் உள்ள டான் பாஸ்கோ அருங்காட்சியகத்தை முதலிலேயே பார்த்துவிடுவது பின்னால் மிகவும் உதவும். வடகிழக்கு மக்களின் உடை, இசைக்கருவி, வேளாண் கருவி, வழிபாடு அனைத்தையும் ஏழு தளங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நெற்றிப்பட்டையில் மாட்டி முதுகில் சுமக்கும் மூங்கில் கூடையையும், வயலில் குனிந்து வேலை செய்யும்போது தலையையும் முதுகையும் சேர்த்து மூடும் மழைக்கவசமான க்னூப்பையும் அங்கே பார்த்துவிட்டு, மறுநாள் ஊர்ப்புறத்தில் பார்க்கும்போது அவற்றின் பயன் விளங்கும். பிறகு இயூதூ சந்தைக்குச் செல்லுங்கள். மில்லியெம் என்னும் மரபு ஆட்சியின் கீழ் உள்ள இந்தப் பெருஞ்சந்தையில் கடைகளை நடத்துவோரில் பெரும்பாலோர் பெண்கள். வெற்றிலை, கமுகு, மூங்கில் குருத்து, கருவாடு, காட்டுக்கீரை, தேன், இரும்புக் கத்தி என்று குறுகிய சந்துகளில் நிரம்பியிருக்கும். மூத்த பெண்களைக் ‘கோங்’ என்றும் ஆண்களைப் ‘பா’ என்றும் அழைத்துப் பேசினால் முகம் மலரும். நன்றி கூறவும் வணக்கம் கூறவும் ‘குப்லெய்’ என்ற ஒரே சொல் போதும்.

சந்தையின் சிறு உணவுக் கடைகளில் இறைச்சியோடு சமைத்த ஜாதோ சோறும், கறுப்பு எள் அரைத்துவிட்ட பன்றிக்கறியும், கருவாட்டுத் துவையலும் கிடைக்கும். சைவ உணவினர் ஷில்லாங்கில் சிரமப்பட மாட்டார்கள். ஊர் வீடுகளில் தங்கும்போது முதல் நாளே சொல்லிவிட்டால் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை சமைத்துத் தருவார்கள். நொதித்த சோயாவில் செய்யும் துங்க்ரிம்பாயில் பன்றிக்கறி சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டுவிட்டே உண்ண வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தருவது வெற்றிலையும் சுண்ணாம்பும் பாக்கும் சேர்ந்த க்வாய். நம் ஊர்த் தாம்பூலம் போன்றதுதான் என்று வேகமாக மென்றுவிடாதீர்கள். அவர்கள் பயன்படுத்துவது ஈரப் பாக்கு, பழக்கமில்லாதவருக்கு உடல் சூடேறி வியர்த்துத் தலை சுற்றும். சிறு துண்டை வாயிலிட்டுக்கொண்டாலே மரியாதை நிறைவேறிவிடும்.

காசி மக்களின் தாய்வழி முறையைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டு போவது நல்லது. குலம் தாயின் வழியே வருகிறது. பூர்விக வீடும் சொத்தும் கடைசி மகளைச் சேர்கின்றன, பெற்றோரைப் பேணும் பொறுப்பும் அவளையே சேர்கிறது. தாய்மாமனின் சொல்லுக்குக் குடும்பத்தில் மிகுந்த மதிப்பு உண்டு. ஊரை நடத்தும் தொர்பார் சபையில் மரபாக ஆண்களே அமர்ந்து வந்திருக்கிறார்கள். ஆகவே இதைப் பெண்ணாட்சி என்று எண்ணுவது பிழை. தங்கும் வீட்டில் அந்தக் கடைசி மகளோடு பேச வாய்த்தால், சொத்தைவிடப் பொறுப்பைப் பற்றியே அவர் மிகுதியாகப் பேசக் கேட்கலாம்.

மூன்றாம் நாள் ஷில்லாங்கிலிருந்து 25 கி.மீ. தொலைவில் உள்ள மௌப்லாங் செல்லுங்கள். அங்குள்ள திருக்காடு லிங்தோ குலத்தார் வழிவழியாகக் காத்து வந்தது. அதிலிருந்து ஓர் இலையைக்கூட, ஒரு கல்லைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. ஊர் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகலாகாது என்பதைத் தடையாக நினைக்காதீர்கள். எந்தக் கல்லருகே சடங்கு தொடங்கியது, எந்தக் கல்லருகே முடிந்தது என்று அவர் சொல்லாவிட்டால் பாசி படர்ந்த பாறைகளாக மட்டுமே அவை தோன்றும். காட்டின் விளிம்பில் சற்று நின்று பார்ப்பது மிக முக்கியம். ஒரு பக்கம் ஆர்க்கிட் தொற்றிய அடர்ந்த மரங்கள், ஓரடி தள்ளி மொட்டைப் புல்வெளி. ஒரு விதி ஒரு காட்டை எப்படிக் காப்பாற்றியது என்பதை அந்த எல்லைக்கோடு காட்டுகிறது. நட்ட கற்கள் ஆண் முன்னோரையும், அவற்றின் முன் படுத்திருக்கும் தட்டைக் கற்கள் பெண் முன்னோரையும் குறிப்பதை வழியெங்கும் காணலாம்.

அன்றிரவு மௌப்லாங்கிலேயே தங்கினால், மறுநாள் காலை டேவிட் ஸ்காட் வழியை முழுமையாக நடக்கலாம். ஆங்கிலேய அதிகாரி டேவிட் ஸ்காட் அஸ்ஸாமை, இன்று வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட்டோடு இணைக்க அமைத்த குதிரைப்பாதையின் எஞ்சிய பகுதி இது. அந்தச் சாலைத் திட்டம்தான் நோங்க்லாவ் அரசர் திரோத் சிங் 1829-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிடக் காரணமாயிற்று. மௌப்லாங்கிலிருந்து லாட் மௌப்லாங் வரை 16 கி.மீ.; ஐந்தாறு மணி நேரம் ஆகும். பள்ளத்தாக்கில் ஆற்றைக் கடந்து மீண்டும் ஏற வேண்டியிருந்தாலும் வழி கடினமானது அன்று. பெரிய பைகளை ஒரு வாடகை வண்டியில் முன்னே அனுப்பிவிட்டு, நீரும் மதிய உணவும் மட்டும் சுமந்து நடக்கலாம். நடை முடியும் இடம் ஷில்லாங்–சோரா சாலை என்பதால், அதே வண்டியில் ஏறி மாலைக்குள் சோரா சேர்ந்துவிடலாம்.

சோராதான் நம் பாடநூல்களின் சிரபுஞ்சி. 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை இங்கே பெய்த 26,461 மி.மீ. மழை, ஓராண்டில் பெய்த மழையின் உலக உச்சமாக இன்றும் நிற்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வங்கதேசச் சமவெளியைக் கடந்து வரும் ஈரக்காற்று, ஏறக்குறைய செங்குத்தாக எழும் இந்தப் பீடபூமியின் விளிம்பில் மோதி மேலேறுவதே காரணம். மழைக்காலத்தில்கூடப் பெரும்பங்கு இரவிலும் விடியற்காலையிலும் பெய்வதால், பகலில் சில மணி நேரம் வெளியே செல்ல வாய்ப்புக் கிடைக்கும். பெய்த நீர் மெல்லிய மண்ணில் தங்காமல் ஓடிவிடுவதால், குளிர்காலத்தில் இதே ஊர்ப் பெண்கள் குடிநீருக்காக நெடுந்தூரம் நடக்கிறார்கள். தங்கும் விடுதியில் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.

340 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நோகலிகாய் அருவியைக் காலையில் பார்ப்பது நல்லது. நண்பகலுக்குப் பின் மேகம் மூடிவிடுவது வழக்கம். குகைகளில் மௌஸ்மாய் விளக்கிட்ட எளிய குகை, கூட்டம் மிகுதி. சுவரில் தொல்லுயிர்ப் படிவங்கள் தெரியும் அர்வாவையே நான் பரிந்துரைப்பேன். அருகிலுள்ள மௌம்லூ குகையின் சுண்ணக் கசிவுப்படிவம் ஒன்றில் பதிந்திருந்த பெரும் வறட்சியின் தடயத்தை அடிப்படையாகக் கொண்டே, இன்றிலிருந்து ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் புவியியல் காலத்துக்கு 2018-இல் ‘மேகாலயன்’ என்று பெயரிட்டார்கள். உள்ளே நீரில் நடக்க வேண்டியிருப்பதால், தேர்ந்த வழிகாட்டியும் தலைவிளக்கும் இன்றிப் போகக் கூடாது.

இந்தப் பயணத்தின் நடுப்புள்ளி, ஈரடுக்கு வேர்ப்பாலம் உள்ள நோங்ரியாட் ஊர். சோராவிலிருந்து டிர்னா ஊர் வரை வண்டி போகும். அதற்குமேல் 3,000-க்கும் மேற்பட்ட படிகள்தாம். காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடலாம் என்று பலர் முயல்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் ஈரடுக்குப் பாலத்தருகே அரை மணி நேரம் களைத்து அமர்ந்துவிட்டு, கால் நடுங்கத் திரும்புகிறார்கள். இரண்டு இரவு தங்குங்கள். ஊரிலுள்ள எளிய விடுதிகளில் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும். இறங்க இரண்டு மணி நேரம், ஏற மூன்று மணி நேரம் என்று கணக்கிட்டு, ஒரு சிறு பை, பிடிமானமுள்ள காலணி, ஒரு மூங்கில் கோல் போதும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே துன்பம் தரும். மழைக்காலமானால் அட்டைகளுக்காகச் சிறிது உப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நோங்திம்மாய் அருகே நீண்ட வேர்ப்பாலம் ஒன்று இருக்கிறது. கூட்டம் குறைவு, அங்கே நிதானமாக நிற்கலாம். இவை ஆலின் இனத்தைச் சேர்ந்த ரப்பர் மரத்தின் விழுதுகளால் ஆனவை. ஆற்றங்கரையில் மரத்தை நட்டு, அதன் இளம் விழுதுகளை மூங்கில் சாரத்தின் மேலோ, குடைந்தெடுத்த கமுகந்தண்டின் உள்ளேயோ செலுத்தி அக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே மண்ணில் ஊன்றியபின் விழுதுகள் பருத்து, ஒன்றோடொன்று பின்னி ஒட்டிக்கொள்கின்றன. ஆள் நடக்கும் உறுதி வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். நட்டவர் தாம் நடப்பதற்காக மட்டும் நடுவதில்லை. மரப்பாலமும் மூங்கில் பாலமும் இந்த மழையில் சில ஆண்டுகளில் உளுத்துவிட, உயிருள்ள பாலம் ஆண்டுக்காண்டு வலுக்கிறது. ஆயினும் அது உயிர். புதிய விழுதுகளைப் பிடித்துத் தொங்குவதும், பாலத்தின் மேல் குதிப்பதும், ஒரே நேரத்தில் கூட்டமாக நிற்பதும் அதைக் காயப்படுத்தும். ஊரார் குறித்துவைத்த எண்ணிக்கைக்கு மேல் ஏறாதீர்கள். 2022-இல் இந்த வேர்ப்பால நிலப்பரப்பு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

நோங்ரியாட்டில் தங்கும் இரண்டாம் நாள் காலை, ஊருக்கு அப்பாலுள்ள வானவில் அருவிக்கு நடக்கலாம். வழியெங்கும் கமுகு, மிளகுக்கொடி, பலா, பிரிஞ்சி இலை மரங்கள். காடு போலத் தோன்றும் இவற்றில் பெரும்பகுதி தெற்குச் சரிவில் வாழும் வார் பிரிவினரின் தோட்டங்கள், காய்களைப் பறிக்காதீர்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் கோங்தோங் ஊருக்குச் செல்லலாம். அங்கே ஒவ்வொரு தாயும் தன் குழந்தைக்குப் பெயரோடு ஒரு தனி மெட்டையும் இயற்றுகிறாள். காட்டில் தொலைவிலிருந்து அழைக்க அந்த மெட்டையே பாடுகிறார்கள். பாடிக் காட்டும்படி குழந்தைகளை வற்புறுத்தாமல், ஓர் இரவு தங்கி மாலையில் காதைத் திறந்துவைத்திருந்தால் தானாகவே கேட்கும்.

அடுத்த இரவுக்கு உம்ங்கோட் கரை. சோராவிலிருந்து பின்னுர்ஸ்லா வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். பங்கு வண்டிகளை மாறி மாறிப் பிடிப்பதைவிடத் தனி வண்டி அமர்த்துவது மேல். வழியில் பிரிந்து மௌலின்னோங்கின் மூங்கில் குப்பைக்கூடைகளையும் பூந்தோட்டங்களையும் பார்த்துவிட்டு, அடுத்துள்ள ரிவாயின் வேர்ப்பாலத்தையும் காணலாம். நோங்ரியாட் படிகளில் இறங்க முடியாத முதியவர்களுக்கு இதுவே ஏற்ற பாலம். டவ்கியில் 1932-இல் கட்டிய தொங்குபாலத்தின் கீழ் படகுகள் நெருக்கமாக நிற்கும். சில கி.மீ. மேலே உள்ள ஷ்னோங்ப்டெங்கில் அமைதி அதிகம், கரையிலேயே கூடாரத்தில் தங்கலாம். காசி, ஜெயிந்தியா நிலங்களுக்கு எல்லையாக ஓடும் இந்த ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை 2021-இல் சுற்றுவட்டார ஊர்கள் உறுதியாக எதிர்த்தன. படகோட்டிகளிடம் அதைப் பற்றிக் கேட்டால் ஆர்வத்தோடு பேசுவார்கள். சோப்பும் எண்ணெயும் ஆற்றில் கலக்க விடாதீர்கள்.

டவ்கியிலிருந்து குவாஹாட்டிக்கு ஒரே நாளில் போய் மாலை விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். எல்லைக்குச் செல்லும் சரக்குந்துகளும் ஷில்லாங்கின் நெரிசலும் நேரக் கணக்கைக் குலைத்துவிடும். ஷில்லாங்கிலோ உமியம் ஏரிக்கரையிலோ ஓரிரவு தங்கி, மறுநாள் விடியலில் இறங்குங்கள். தேன், மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றை வாங்க விரும்பினால் நகரக் கடைகளுக்காகக் காத்திராமல், நோங்ரியாட் வழியில் வீட்டு வாசலில் வைத்து விற்பவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.