கொடுவாவுக்கு லூர் போடுகிறீர்களா? கடையிலேயே நடந்துவிடும் தவறுகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து உப்பங்கழித் தண்ணீர் தெளியத் தொடங்கியதும், புதுத் தூண்டில் ராடும் நரம்பு சுற்றும் ரீலுமாக இளைஞர்கள் பாலத்தடிக்கு வந்துவிடுவார்கள். முட்டுக்காடு, பழவேற்காடு, முத்துப்பேட்டை, எங்கே போனாலும் இந்தக் கூட்டம் உண்டு. எல்லோருக்கும் வேண்டியது கொடுவா, அதைப் பிடிக்க லூர் என்னும் செயற்கை இரை. அவர்களுடைய பையைத் திறந்து பார்த்தால், நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் வாங்கித் தொலைத்த அதே சாமான்கள். ஈர முடிச்சு, காய்ந்த முடிச்சு, வெயில், கொசு பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை இரண்டு முறை பட்டால் தானாகத் தெரிந்துகொள்வீர்கள். காசு கொடுத்து வாங்கும்போதே நடக்கும் தவறுகள் மட்டும் இங்கே.

"எத்தனை பவுண்டு?" என்று மட்டும் கேட்டுத் தூண்டில் நரம்பு வாங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். "அண்ணா, பெரிய மீன் அடிச்சா அறுந்துடக் கூடாது" என்று கேட்பார்கள். கடைக்காரர் 80 பவுண்டு இழுவை தாங்கும் என்று போட்ட பிரெய்ட் (பின்னல் நரம்பு) ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார். விலையும் குறைவு, எண்ணும் பெரிது. வாங்கியவருக்குப் பரம திருப்தி. ராடின் கைப்பிடிக்கு மேலே அதற்கு ஏற்ற நரம்பு 10–20 பவுண்டு என்று அச்சடித்திருப்பதை இருவருமே படிப்பதில்லை.

மலிவு பிரெய்டில் அந்த எண்ணை நம்பவே முடியாது. பார்க்க வேண்டியது தடிமன். ஜப்பானிய நரம்புகளில் பிஇ என்று ஒரு எண் இருக்கும், அது தடிமனுக்கான அளவு. பிஇ 1 என்றால் 0.165 மி.மீ., பிஇ 2 என்றால் 0.235 மி.மீ. நல்ல தரத்தில் பிஇ 1.5 அல்லது 2 இருந்தால் நம் கழிமுகக் கொடுவாவுக்குத் தாராளம். சில பெட்டிகளில் '20 பவுண்டு, நைலானில் 6 பவுண்டுத் தடிமன்' என்பதுபோல இரண்டு எண் போட்டிருப்பார்கள். இரண்டாவது எண்தான் உங்களுக்கு வேலைக்கு ஆகும்.

தடித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள், 15 கிராம் லூரை ஒருமுறை வீசிப் பார்க்கட்டும். நரம்பு ராடின் வளையங்களில் உரசி, லூர் பாதி தூரத்திலேயே விழும். அப்புறம் ஆழம். முன்னால் உதடு போன்ற தகடு வைத்த மினோ, இழுக்க இழுக்கக் கீழே இறங்க வேண்டிய லூர். தடித்த நரம்பைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் அது இறங்காது. பெட்டியில் 2 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அந்த ஆழத்தைத் தொடாது. கொடுவாவோ பாலத் தூணின் அடியிலும் அலையாத்தி வேர்களின் நிழலிலும் மறைந்து நின்று, பக்கத்தில் வரும் மடவையையும் இறாலையும் ஒரே உறிஞ்சில் விழுங்கும் மீன். அதன் தலைக்கு மேலே வெகு உயரத்தில் லூரை ஓட்டிவிட்டு "இங்க மீனே இல்லண்ணா" என்றால் என்ன சொல்வது?

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ராட், ரீல், நரம்பு, லீடர் (நரம்பின் நுனியில் இணைக்கும் உரசல் தாங்கும் துண்டு), முள் (தூண்டில் கொக்கி) என்று ஐந்தும் வரிசையாகக் கோத்திருக்கின்றன. இழுவை எல்லை மீறினால் ஏதாவது ஒன்று போயே தீரும். போவது எது என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். லூரைக் கட்டிய முடிச்சில் போனால் நட்டம் ஒரு லூர். 80 பவுண்டு சுற்றிவைத்தால், அந்த வரிசையில் மிகவும் மெலிந்தது ராட் ஆகிவிடுகிறது.

பாலத்தடியில் ஒரு தம்பியின் லூர் சிப்பி படிந்த கல்லில் மாட்டிக்கொண்டது. டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை நழுவவிடும் ரீலின் பிடியை) முழுக்க இறுக்கினான், ராடைத் தலைக்கு மேல் தூக்கி வளைத்தான். "ராடை நேரா நீட்டுப்பா, வளைக்காதே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படார் என்று நடுவில் முறிந்தது. 4,000 ரூபாய் ராட். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "எண்பது பவுண்டுண்ணா" என்றான், அந்தச் சோகத்திலும் கொஞ்சம் பெருமையாக. கடைசியில் கத்தியால் அறுத்துவிட வேண்டியதாயிற்று. நீளமான நரம்பு ஒன்று அந்தக் கல்லிலேயே கிடக்கிறது, ஏதாவது ஒரு நாரையின் காலில் சுற்றிக்கொள்ள.

மாட்டிக்கொண்டால் ராடை நரம்பின் திசையிலேயே நீட்டுங்கள். நரம்பை ஒரு கட்டையில் சுற்றிப் பின்னால் நடங்கள். வெறும் கையில் சுற்றினால் பிரெய்ட் விரலை அறுத்துவிடும். டிராக்கை நரம்பின் தாங்கும் அளவில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே வையுங்கள். 30 பவுண்டு நரம்பென்றால் ஏறக்குறைய 4 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து "போதும்" என்று சொல்லாதீர்கள், பெட்டி எடை போடும் கொக்கித் தராசை மாட்டி அளந்து பாருங்கள்.

லீடர் இல்லாமல் பிரெய்டிலேயே லூரைக் கட்டுவது

பிரெய்ட் இழுவைக்குக் கெட்டிக்காரன், உரசலுக்குச் சோப்ளாங்கி. கொடுவாவின் வாய் உட்புறம் அரம் மாதிரி சொரசொரப்பு. செவுள் மூடியின் ஓரம் கையையே கிழிக்கும். முள் பட்டதும் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறும்போது, நரம்பு இந்த இரண்டிலும் மாறி மாறி உரசும். லீடராக 30 அல்லது 40 பவுண்டு ஃபுளூரோகார்பன் நரம்பு ஒரு மீட்டர் இருந்தால் போதும். மேல்மட்டத்தில் ஓடும் பாப்பர் லூருக்கு மட்டும் நைலான் லீடர் போடுங்கள். ஃபுளூரோகார்பன் கனமானது, மூழ்கி லூரின் மூக்கை அமுக்கும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு சிறந்தது. ஆனால் அதை வீட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பழகுங்கள், காற்றடிக்கும் கரையில் வராது. அதுவரை டபுள் யூனி முடிச்சு போதும்.

ரீலின் காலி ஸ்பூலில் நேரடியாக பிரெய்ட் சுற்றுவது

வழுக்கும். அடியில் கொஞ்சம் நைலான் நரம்பு சுற்றுங்கள்.

ஒரே லூரைப் பத்து வண்ணத்தில் வாங்குவது

வண்ணம் அப்புறம். பத்தும் ஒரே ஆழத்தில் ஓடினால் உங்களிடம் இருப்பது ஒரு லூர்தான். மேல்மட்டத்துக்கு ஒரு பாப்பர், நடுத்தண்ணீருக்கு ஒரு மினோ, அடிமட்டத்துக்கு ஜிக்ஹெட்டில் (கனத்த தலை வைத்த முள்ளில்) கோத்த ரப்பர் மீன். தண்ணீர் கலங்கியிருந்தால் வால் அதிகமாக ஆடும் ரப்பர் மீனைப் போடுங்கள். கொடுவா அந்த அதிர்வை உணர்ந்து வரும்.

ஐம்பது லூர் அடங்கிய 'காம்போ' பெட்டி

வேண்டாம்.

லூரோடு வந்த முள்ளை அப்படியே விடுவது

யூடியூபில் பார்த்து நம் ஆட்கள் வாங்கும் லூர்களில் பல, அமெரிக்க ஏரிகளின் லார்ஜ்மவுத் பாஸுக்காகச் செய்தவை. அது நன்னீர் மீன். கொடுவாவைக் கடைகளில் சீ பாஸ் என்று விற்றாலும், அதற்கும் இதற்கும் குடும்பமே வேறு. அந்த மெல்லிய மூன்று முனை முட்களைக் கொடுவா நிமிர்த்திவிட்டுப் போய்விடும், மிச்சத்தை உப்புத் தண்ணீர் தின்றுவிடும். முள்ளையும் அதைப் பிடித்திருக்கும் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். முள் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனைத் திரும்ப விடுவதும் எளிது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை பெரும்பாலும் பெண், அவற்றை விட்டுவிடுவது நல்லது.

முள்ளை மாற்றியதும் உடனே கிளம்பிவிட வேண்டாம். தடித்த முள் கனம் கூட்டும். நடுத்தண்ணீரில் நிற்க வேண்டிய லூர் கல் மாதிரி மூழ்கலாம். ஒரு வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து லூரைப் போட்டுப் பாருங்கள். தலை குப்புறச் சாய்ந்தால் முன் முள்ளை ஓர் அளவு சிறியதாக்குங்கள், வால் சாய்ந்தால் பின் முள்ளை.