மாத்திரைக்கு அடங்காத ரத்தக் கொதிப்பு: நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்துக்கடையில் நிற்பவன் என்பதால், "மூணு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கல" என்ற வார்த்தையை நான் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர் உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் சொல்கிறார். ஆனால் அந்த முடிவுக்கு அவர் வருவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய பல விஷயங்கள் பார்க்கப்படாமலே இருக்கின்றன.

மருத்துவத்தில் இதற்கு வரையறை இருக்கிறது. வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளை, பொதுவாக அவற்றில் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் மருந்தாக இருக்கும்படி, உடல் தாங்கும் முழு அளவில் எடுத்துக்கொண்டும் அழுத்தம் இலக்குக்குக் கீழே வராவிட்டால், அல்லது நான்கு மருந்துகள் கொடுத்தால்தான் வருகிறது என்றால், அது அடங்காத ரத்தக் கொதிப்பு. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை அந்த இலக்கை 130/80 என்று வைத்தது. அளவெடுப்பதில் பிழை, மருத்துவரைக் கண்டால் மட்டும் ஏறும் அழுத்தம், மாத்திரையைத் தவறவிடுதல் ஆகிய மூன்றும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் அளவெடுப்பது. சென்ற ஆண்டு உறவில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, வளவில் உட்கார்ந்திருந்த சின்னாத்தாவுக்கு ஒரு தம்பி இயந்திரத்தைக் கட்டிப் பார்த்தான். பட்டையை ரவிக்கைக் கையின் மேலேயே சுற்றியிருந்தான். கை மடியில் கிடந்தது. அவர் சமையல்காரரிடம் பேசிக்கொண்டே இருந்தார். 168/96 என்று காட்டியது. பக்கத்து அறையில் முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, கால்களைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பின் வெறும் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தபோது 146/88. அதுவும் கூடுதல்தான், ஆனால் இன்னொரு மருந்தைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களும் ஒரே பதிலைத் தருவதில்லை. கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் மேல் அளவு, அதாவது இரண்டு எண்களில் முதலாவது, சராசரியாக 6.5 வரை கூடிக் காட்டுகிறது என்று 2024இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் பிழை இன்னும் பெரிது. வீட்டில் பார்ப்பவர்கள், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறையும் மாலையில் இரண்டு முறையும் ஏழு நாட்கள் பார்த்து எழுதி, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதன் சராசரியை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அடுத்தது மாத்திரையைத் தவறவிடுவது. அதை என் கடைக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. முப்பது நாளைக்கு வாங்கிப் போனவர் நாற்பத்தைந்தாம் நாள் வருகிறார். கேட்டால், பிள்ளையார்பட்டிக்குப் போன அன்று போடவில்லை, திருச்சிக்குப் பஸ்ஸில் போன அன்று போடவில்லை என்கிறார். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்ற பயத்தில் நீர் மாத்திரையை விடுவது பெண்களிடம் மிகவும் சாதாரணம். அதை அவர்களின் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். அது நியாயமான சங்கடம். ஆனால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு, ஏனென்றால் விஷயம் தெரியாத மருத்துவர் மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து நான்காவதை எழுதுவார். சொன்னால், எந்த நேரத்தில் போட்டுக்கொள்ளலாம், எதை எதனுடன் சேர்த்து ஒரே மாத்திரையாகத் தரலாம் என்று அவர் வழி சொல்லக்கூடும். அடங்காத கொதிப்பு என்று வந்தவர்களின் சிறுநீரைச் சோதித்த சில ஆய்வுகளில், ஏறத்தாழப் பாதிப் பேர் எழுதிக் கொடுத்தபடி மருந்து எடுக்கவில்லை என்று தெரிந்தது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளைத் தொடை வழியே குழாய் செலுத்திச் சுட்டு அடக்கும் சிகிச்சை பெரிய நம்பிக்கையோடு வந்தது. 535 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு சாராருக்கு உண்மைச் சிகிச்சையும் மறுசாராருக்குச் சிகிச்சைபோல் தோன்றும் பாவனையும் மட்டும் செய்தார்கள். ஆறு மாதத்தில் முதல் சாராருக்கு மேல் அளவு சராசரியாக 14 இறங்கியது. பாவனை மட்டும் பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய 12 இறங்கியது. கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பின்னர் கருவிகளும் ஆய்வு முறைகளும் திருந்தி, 2023இல் அமெரிக்காவில் இச்சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. என்றாலும் அது மாத்திரைக்கு மாற்றாகத் தொடங்க வேண்டிய இடம் அல்ல.

இனி உப்பு. நம் ஊருக்கென்றே உரிய தவறு இதில்தான் இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையல் என்றதும் மிளகும் மிளகாயும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. அதனால் கொதிப்பு வந்தவர் "காரத்தைக் குறைத்துவிட்டேன்" என்று நிம்மதியாகிவிடுகிறார். கொதிப்பை ஏற்றுவது காரம் அன்று, உப்பு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் மோர்மிளகாயும் மாவடுவும் அப்பளமும் வைத்துக்கொண்டால் குறைத்ததைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும். கருவாடும் உப்புக்கண்டமும் உப்பில் ஊறியே உருவானவை. சீடையும் முறுக்கும் பலகார டின்னில் இருக்கும்வரை யாரும் அவற்றை உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே, எல்லாம் சேர்த்து.

அடங்காத கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2009இல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. பன்னிரண்டு பேருக்கு ஒரு வாரம் மிகக் குறைந்த உப்பும் ஒரு வாரம் மிகுந்த உப்பும் கொடுத்துப் பார்த்தபோது, குறைந்த உப்பு வாரத்தில் மேல் அளவு சராசரியாக 22.7 குறைவாக இருந்தது. பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஒரு மாத்திரையிடம்கூட இவ்வளவு இறக்கத்தைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்பதும் ஆறுதல் அல்ல. அதிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு வேறு. சீனக் கிராமங்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் பங்கேற்று 2021இல் வெளியான ஆய்வில் அது பக்கவாதத்தைக் குறைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும் மாத்திரை எடுப்பவர்களும் அதை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேட்காமலே வாங்கும் மற்ற மருந்துகளும் உண்டு. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகளைத் தினமும் போட்டால், உடலில் உப்பும் நீரும் தங்கி, கொதிப்பு மருந்தின் வேலை கெடும். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமும் அப்படித்தான். நாள்கணக்கில் தொடர்ந்தால் உப்பை நிறுத்திப் பொட்டாசியத்தை வெளியேற்றும். நாட்டு மருந்துதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதால், காரணம் வெளியே தெரியாமலே போகிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் நிற்கிறது என்றால், அப்போது உண்மையிலேயே உடலுக்குள் காரணம் தேட வேண்டும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயை ஜெரோம் கான் 1955இல் விவரித்தார். அரிய நோய் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட அது, அடங்காத கொதிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சந்தேகத்தை எழுப்பிவிடலாம், ஆனால் கேட்டு எழுதுபவர்கள் குறைவு. நோயாளியே "இந்தச் சோதனை எனக்குத் தேவையா" என்று கேட்பதில் தவறே இல்லை. உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்.

நான்காவது மருந்தாக எதைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு 2015இல் பிரிட்டனில் முடிந்த ஆய்வு ஒன்று தெளிவான பதில் தந்தது. மூன்று மருந்துகளுக்கு அடங்காதவர்களுக்குப் பலவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் பழைய, விலை குறைந்த ஸ்பைரோனோலாக்டோனே முந்தியது. அதே பாதையில், அந்த ஹார்மோன் உருவாவதையே தடுக்கும் பாக்ஸ்ட்ரோஸ்டாட் என்ற புதிய மருந்தின் பெரிய ஆய்வு 2025இல் நல்ல முடிவோடு வந்தது. ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்குப் பொட்டாசியத்தை அவ்வப்போது ரத்தத்தில் பார்க்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்தது என்று என் கடையில் வந்து கேட்பவருக்குச் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை.

இதயத்துக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஆண்டுக்கணக்கில் கூடிய அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும் இடது கீழறைச் சுவர், சுமை தூக்குபவரின் தோள்போலத் தடிக்கிறது. தடித்த தசை தளர மறுக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும், பின்னர் இதயம் செயலிழப்பதும், துடிப்பு ஒழுங்கு தவறி இதயத்தின் மேலறையில் கட்டும் ரத்தக்கட்டி மூளைக்குப் போவதும் இதன் தொடர்ச்சி. வலி எதுவும் இல்லாமலே இவ்வளவும் நடக்கும். எனவே உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஈ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, நள்ளிரவில் என் வீட்டுக் கதவைத் தட்டும் தவறு. இயந்திரம் 180/120க்கு மேல் காட்டியதும் பயந்து, கையிலிருக்கும் மாத்திரையில் இன்னொன்றைப் போடுவதோ, நாக்கின் அடியில் வைத்து உடனே இறக்கப் பார்ப்பதோ ஆபத்து. திடீர் இறக்கத்தில் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துவிடும். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அமைதியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் அதே அளவு இருந்தால் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மறு அளவுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழைத்துவிட வேண்டும்.