சேலத்தில் பிள்ளைகளுக்கு நல்ல கைவினை வகுப்பு தேடுகிறீர்களா?

லீவு விட்டதும் ஃபேர்லாண்ட்ஸ், ஐந்து ரோடு பக்கம் ஸ்டேஷனரி கடை, ஃபேன்சி ஸ்டோர் வாசலில் எல்லாம் 'சம்மர் கிளாஸ்' போர்டு தொங்கும். போர்டைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். வகுப்பு நடக்கிற நேரத்துக்கே போய், ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பாருங்கள்.

முதலில் பிள்ளைகள் செய்து முடித்ததைப் பாருங்கள். பத்துப் பேர் செய்த காகிதப் பூவும் ஒரே அச்சாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தால், வெட்டி ஒட்டியது டீச்சராகத்தான் இருக்கும். ஃபெவிகால் வழிந்து, இதழ் கோணலாக, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருந்தால் நல்ல இடம், அங்கே பிள்ளையின் கையில்தான் கத்தரிக்கோல் இருக்கிறது.

அப்புறம் காசு. கட்டணத்தில் பொருளும் சேர்த்தியா, இல்லை அந்தக் கடையிலேயே கிட் தனியாக வாங்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனியாகத்தான் என்றால் பட்டியலை வாங்கிக்கொண்டு கடைவீதியில் ஒரு சுற்று விலை விசாரியுங்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் முக்கியம், சின்னப் பிள்ளைகள் என்றால் எட்டுப் பேருக்கு மேல் எனக்குச் சரிப்படாது.

பிள்ளைகளுக்குக் கலைகள் கற்றுத்தரும், தமிழக அரசு கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தையும் விசாரித்துவிடுங்கள், 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள்.

ஒருநாள் உட்கார வைத்துப் பார்க்கச் சம்மதிக்காத கடையை விட்டுவிடலாம்.