போட்டோ போடும் முன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவில் டிசைன் பதிவு

ஐரோப்பாவுக்கு வந்து இறங்கிய முதல் சில மாதங்கள் வீட்டு முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்றே ஓடிவிடும். டிசைன் பதிவு, அதாவது ஒரு பொருளின் தோற்றத்தை உங்கள் பெயரில் பதிந்துவைப்பது பற்றி யாருக்கும் நினைப்பு வராது. எனக்கும் வரவில்லை. ஆனால் நகை, மரச்சாமான், துணி, பாத்திரம், பொம்மை என எதையாவது உருவாக்கி விற்கும் எண்ணம் இருந்தால், அல்லது இங்கே டிசைன் படிக்க வந்திருந்தால், இதைக் கொஞ்சம் சீக்கிரமே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகத் தெரிந்துகொண்டதில் நான் இழந்தது ஒரு தேங்காய்த் துருவி.

கோயம்புத்தூரிலிருந்து நெதர்லாந்துக்கு வந்த புதிதில், மேசை விளிம்பில் திருகி மாட்டத் தேவையில்லாத ஒரு துருவியைச் செய்தேன். மர உடல், மடித்தால் பிறை நிலா மாதிரி இருக்கும். ஆசையாகப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தேன். ஒன்றேமுக்கால் வருடம் கழித்து ஒரு கடைக்காரர், "இதற்குப் பதிவு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்ட பிறகுதான் வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதை எப்போது முதன்முதலில் வெளியே காட்டினீர்கள்?" நான் பெருமையாகப் போனை நீட்டினேன். படத்தை அவர் பார்க்கவே இல்லை. கீழே இருந்த தேதியைப் பார்த்தார், போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் டிசைன் புதியதாக இருக்க வேண்டும். நீங்களே அதை ஊருக்குக் காட்டியிருந்தாலும், காட்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் மன்னிப்பு உண்டு. அதைத் தாண்டினால் உங்கள் சொந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி. பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2014 டிசம்பரில் பாடகி ரிஹானா பூமா ஷூ அணிந்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். அந்த ஷூவின் டிசைனுக்கு பூமா விண்ணப்பித்தது 2016 ஜூலையில். எதிர்த்தரப்பு அந்தப் படங்களையே எடுத்துக்கொண்டு போனது. பதிவு செல்லாது என்று 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதில் இந்தியர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. இந்தியச் சட்டம் இப்படி 12 மாதப் பொது அவகாசம் எதுவும் தருவதில்லை. இங்கே அவகாசம் இருக்கிறதே என்று நம்பிப் படம் போட்டால், ஊரில் பதிவு செய்யும் வாய்ப்பு அன்றைக்கே போய்விடும். எங்காவது ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பம் போட்டுவிட்டால், 6 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பிக்கும்போது அந்த முதல் விண்ணப்பத்தின் தேதியையே கோரலாம். முதலில் விண்ணப்பம், அப்புறம் படம். மாணவர்கள் கல்லூரி ஆண்டு இறுதிக் கண்காட்சியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மேசைமேல் வைத்த நாளும் வெளியே காட்டிய நாள்தான்.

நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் "பேட்டன்ட் எடுக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள். பேட்டன்ட் ஒரு பொருள் வேலை செய்யும் விதத்துக்கு. டிசைன் பதிவு அது கண்ணுக்குத் தெரியும் விதத்துக்கு: கோடு, வளைவு, நிறம், மேற்பரப்பு, அலங்காரம். என் துருவி மடங்கும் சூட்சுமம் பேட்டன்ட் கணக்கு, பிறை வடிவம் டிசைன் கணக்கு. தேங்காயைத் துருவுவதற்காக மட்டுமே இருக்கும் பற்கள் டிசைனில் வராது. சரி, ஜிமிக்கியைப் பதிவு செய்யலாமா? பாட்டி காலத்திலிருந்து இருக்கும் வடிவம் புதியதல்ல. ஜிமிக்கியிலிருந்து நீங்கள் உருவாக்கிய, பார்த்ததுமே வேறு என்று தெரிகிற ஒன்றுக்கு இடம் உண்டு.

எங்கே பதிவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் ஐரோப்பிய ஒன்றிய அறிவுசார் சொத்து அலுவலகம் இருக்கிறது. அங்கே ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் போட்டால் 27 நாடுகளுக்கும் செல்லும். 2025 மே 1 முதல் புதிய விதிகள் வந்தன. முதல் டிசைனுக்கு 350 யூரோ, அதோடு சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் 125. ஒரே விண்ணப்பத்தில் 50 வரை போடலாம். ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து 25 வருடம் வரை வைத்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் கட்டணம் ஒவ்வொரு முறையும் ஏறும். சிறு நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டத்தைக் கடந்த சில ஆண்டுகளாக நடத்திவருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஒன்றியத்தில் வசிப்பவர் என்றால் நீங்களே எல்லாவற்றையும் செய்யலாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பம் போட முடியும், ஆனால் அதற்கு மேல் நடப்பதற்கெல்லாம் இங்கே ஒரு பிரதிநிதி வேண்டும்.

ஆனால் ஐரோப்பா என்றால் ஒன்றியம் மட்டுமல்ல. நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் பிரிட்டன், சுவிட்சர்லாந்து, நார்வே மூன்றும் இதில் வராது. பிரிட்டனுக்கு 2021 ஜனவரி 1 முதல் தனி விண்ணப்பம், அலுவலகம் வேல்ஸின் நியூபோர்ட்டில். சுவிஸுக்கு பெர்ன், நார்வேக்கு ஆஸ்லோ. பாரிஸில் பதிவு வாங்கிய கையோடு லண்டனில் நகை விற்கப் போகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள். பல நாடுகள் வேண்டுமென்றால் ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ஹேக் முறையில் ஒரே விண்ணப்பம் போதும். இந்தியா அதில் சேராமலே இருந்துவந்திருக்கிறது என்றாலும், ஐரோப்பாவில் வசிப்பவர் என்ற தகுதியில் உங்களுக்கு அந்தக் கதவு திறக்கும். ஒரே நாடு போதும் என்றால் உள்நாட்டுப் பதிவு மலிவு. ஜெர்மனியில் ஆன்லைனில் 60 யூரோவுக்கு 10 டிசைன் வரை போடலாம். நெதர்லாந்துக்கென்று தனிப் பதிவு கிடையாது. பெல்ஜியம், லக்சம்பர்க்குடன் சேர்த்து ஹேக் நகரில் ஒரே அலுவலகம்.

பணத்தைவிடப் படத்தில் கவனம் வையுங்கள். நீங்கள் கொடுக்கும் படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் உரிமை. குழந்தைகள் ஏறி உட்கார்ந்து போகும் டிரங்கி சூட்கேஸ் வழக்கு இதற்கு நல்ல பாடம். அந்த நிறுவனம் கம்ப்யூட்டரில் வரைந்த, சாம்பல் நிழல் கொடுத்த ஆறு படங்களைப் பதிவு செய்திருந்தது. கொம்பு வைத்த மிருகம் போன்ற தோற்றம், சக்கரங்கள் போன்ற சில பகுதிகள் வேறு நிறம், உடலில் அலங்காரம் எதுவும் இல்லை. போட்டி நிறுவனம் பூச்சி, புலி என்று கண்ணும் கோடும் போட்டு மலிவாக விற்றது. 2016 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், டிரங்கி நல்ல யோசனைதான், ஆனால் இங்கே கேள்வி யோசனை பற்றியதல்ல, டிசைன் பற்றியது என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. நிழல் இல்லாத வெறும் கோட்டுப் படமாகக் கொடுத்திருந்தால் வழக்கே வேறு மாதிரி போயிருக்கலாம் என்பது என் எண்ணம். வடிவம்தான் முக்கியம் என்றால் கோட்டுப் படம், நிறமும் அலங்காரமும் முக்கியம் என்றால் போட்டோ. கை, மேசை விரிப்பு, பக்கத்தில் காபி கோப்பை எதுவும் படத்தில் வரக் கூடாது. உரிமை கோராத பகுதியைப் புள்ளிக்கோட்டில் வரையுங்கள்.

பதிவே செய்யாவிட்டாலும் ஒன்றியத்தில் டிசைன் பொதுவில் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம் பாதுகாப்பு உண்டு. சீசனுக்குச் சீசன் மாறும் துணிக்கு இது போதும். ஆனால் காப்பியடித்தால் மட்டும்தான் தடுக்கலாம். தானாகவே அதே மாதிரி செய்தேன் என்று ஒருவர் நிரூபித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பிரிட்டனிலும் இதே போன்ற 3 வருட உரிமை உண்டு, ஆனால் முதலில் பிரிட்டனில் காட்டியிருக்க வேண்டும். சுவிஸ் சட்டத்தில் பதிவில்லாத டிசைனுக்கென்று தனி உரிமை இல்லை.

வேலைக்கு வந்தவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். சம்பளத்துக்குச் செய்த டிசைன், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, முதலாளிக்குத்தான். ஃப்ரீலான்ஸ் என்றால் ஒன்றிய விதிப்படி அது உங்களுடையது, எழுதிக் கொடுக்கும்வரை. இன்வாய்ஸ் அனுப்பும் அவசரத்தில் அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள்.

பதிவுச் சான்றிதழ் சில நாளிலேயே வந்துவிடும். அதை அதிகம் நம்பாதீர்கள், டிசைன் உண்மையிலேயே புதியதா என்று அலிகாந்தேயில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. யாராவது எதிர்க்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும். பூமாவுக்கும் பதிவு கிடைக்கத்தான் செய்தது.

துருவிக்குப் பிறகு ஒரு மேசை விளக்கைப் பதிவு செய்தேன், இந்த முறை யாருக்கும் காட்டாமல். பதிவு வெளியான சில வாரங்களில் தபாலில் ஒரு கடிதம் வந்தது. நீல வட்டத்தில் நட்சத்திரங்கள், ஏதோ 'ஐரோப்பியப் பதிவேடு' என்ற தலைப்பு, என் விளக்கின் படம், சரியான பதிவு எண், கீழே நான்கு இலக்கத்தில் ஒரு தொகை. பதிவேடு பொதுவில் இருப்பதால் மோசடிக்காரர்கள் அதிலிருந்து முகவரி எடுத்து அனுப்பும் பில் இது. உண்மையான கட்டணத்தை விண்ணப்பிக்கும்போதே ஆன்லைனில் கட்டியிருப்பீர்கள். அப்புறம் வரும் இந்த மாதிரிக் கடிதத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஒரு படம் எடுத்து அலிகாந்தே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.