அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு: ஷேமுவா நிறுவும் முறை

வீட்டு லேப்டாப்பில் ஒரு பாஷ்ஆர்சி (டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை ஏற்கும் பாஷ் நிரலின் அமைப்பு ஃபைல்), ஆபீஸ் மெஷினில் இன்னொரு பாஷ்ஆர்சி என்று இரண்டு வருடம் ஓட்டினேன். ஒன்றில் எழுதிய ஏலியாஸ், அதாவது கட்டளைக்கு வைத்த சுருக்கப் பெயர், மற்றதில் இருக்காது. இப்போது எல்லா டாட் ஃபைல்களும் (பாஷ்ஆர்சி போல, பெயர் புள்ளியில் தொடங்கும் அமைப்பு ஃபைல்கள்) ஒரே கிட் ரெப்போவில், அதாவது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் சேமிப்பில், இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்வது ஷேமுவா என்ற கமாண்ட் லைன் கருவி. 'என் வீட்டில்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். தட்டும்போது சி, எச், இ, இஸட், எம், ஓ, ஐ. கீழே கட்டளைகளை உச்சரிப்புப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

இதே வேலைக்கான ஸ்டோ என்ற கருவியையும் பயன்படுத்திப் பார்த்தேன். அது சிம்லிங்க் போடும், அதாவது ஃபைல் வேறிடத்தில் இருக்க, ஹோமில் அதைக் காட்டும் இணைப்பு மட்டும். ஷேமுவா நிஜமான ஃபைலையே ஹோமில் (உங்கள் பயனர் ஃபோல்டரில்) எழுதிவைக்கும், மெஷினுக்கு மெஷின் மாறும் வரிகளுக்கு டெம்ப்ளேட்டும் உண்டு. கிட்டின் அமைப்பு ஃபைலான கிட்கான்ஃபிக்கில் வீட்டுக்கு ஒரு இமெயில், ஆபீசுக்கு ஒரு இமெயில் வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும். என் ஓட்டு ஷேமுவாவுக்குத்தான்.

நிறுவுதல்

நான் உபுண்டுவில் செய்ததைச் சொல்கிறேன். கிட், கர்ல் (இணையத்திலிருந்து இறக்கும் கருவி) இரண்டும் வேண்டும். உபுண்டு டெஸ்க்டாப்பில் கர்ல் தானாக வராது, உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் வழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இந்த ஒரு வரி:

எஸ்எச் -சி "$(கர்ல் -எஃப்எஸ்எல்எஸ் கெட்.ஷேமுவா.ஐஓ/எல்பி)"

கர்லுக்குப் பின்னால் வரும் நான்கு எழுத்துகளில் எஃப், எஸ் இரண்டும் சின்ன எழுத்து. எல், எஸ் இரண்டும் பெரிய எழுத்து. கடைசியில் இருக்கும் ஸ்லாஷ் எல்பியை விட்டுவிடாதீர்கள். என் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது அது இல்லாததால்தான்.

ஸ்லாஷ் எல்பி இல்லாமல் ஓட்டினால், நீங்கள் அப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்களோ அதற்குள் 'பின்' (பி, ஐ, என்) என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே போட்டுவிடும். நான் அப்போது டவுன்லோட்ஸில் நின்றிருந்தேன். ஷேமுவா என்று தட்டினால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. தேடிக் கண்டுபிடித்து, சூடோ (அட்மின் உரிமை தரும் கட்டளை) போட்டு /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். வேலை செய்தது. சில மாதம் கழித்து, புது வெர்ஷன் வேண்டும் என்று அதே ஸ்கிரிப்ட்டை ஹோமில் நின்று ஓட்டினேன். வெர்ஷன் பார்த்தால் பழையதே வருகிறது! புதியது ஹோமுக்குள் இருந்த பின்னில் போய் உட்கார்ந்திருக்கிறது. பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், இருந்ததோ பழைய இடம்.

பழையதை அழித்தேன். உடனே பாஷ், 'யூஎஸ்ஆர் லோக்கல் பின்னில் அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்றது. ஒரு கட்டளையை ஒருமுறை எங்கே கண்டதோ, அந்த இடத்தை பாஷ் அந்த விண்டோ மூடும்வரை நினைவில் வைத்திருக்கும். அதை மறக்கடிக்க ஹாஷ் -ஆர். அதற்குப் பிறகும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'தான். ஏனென்றால் உபுண்டுவின் ப்ரொஃபைல் ஃபைல், ஹோமில் இருக்கும் 'பின்' ஃபோல்டரையும் லோக்கல் பின்னையும் (~/.லோக்கல்/பின்; ~ என்றால் ஹோம்) பாத்தில் சேர்க்கும்தான். ஆனால் நீங்கள் லாகின் ஆகும் நேரத்தில் அந்த ஃபோல்டர் இருந்தால் மட்டுமே. இப்போதுதான் உண்டான ஃபோல்டர் என்றால் புது டெர்மினல் திறந்தாலும் பயனில்லை. லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். அவசரமென்றால் அந்த விண்டோவில் மட்டும் சோர்ஸ் ~/.ப்ரொஃபைல்.

ஸ்லாஷ் எல்பி சேர்த்தால் எப்போதும் ஹோமின் லோக்கல் பின்னுக்கே போகும். எங்கே நின்று ஓட்டினாலும் கவலையில்லை. சந்தேகம் வந்தால் விச் -ஏ ஷேமுவா என்று கேளுங்கள். ஒரே ஒரு வரி வர வேண்டும். இரண்டு வந்தால் ஒன்றை நீக்கிவிட்டு மேலே போங்கள். அப்புறம் ஷேமுவா டாக்டர் ஓட்டினால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் தரும்.

முதல் ஃபைல்

ஷேமுவா இனிட்
ஷேமுவா ஆட் ~/.பாஷ்ஆர்சி

இப்போது ~/.லோக்கல்/ஷேர்/ஷேமுவா என்ற ஃபோல்டரில் உங்கள் ஃபைலின் நகல் 'டாட்_பாஷ்ஆர்சி' என்ற பெயரில் இருக்கும். இனி திருத்த வேண்டுமானால் ஷேமுவா எடிட் ~/.பாஷ்ஆர்சி. பிறகு ஷேமுவா டிஃப் (என்ன மாறப்போகிறது என்று காட்டும்), அதன் பிறகு ஷேமுவா அப்ளை (மாற்றத்தை ஹோமில் எழுதும்). டிஃப்பைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அதில் மைனஸ் போட்ட வரி, அப்ளை செய்தால் உங்கள் ஹோமிலிருந்து போகப்போகும் வரி. பழக்க தோஷத்தில் ஹோமில் இருக்கும் ஃபைலையே நேரடியாகத் திருத்திவிட்டால், அப்ளைக்கு முன் ஷேமுவா ரீ-ஆட். மாற்றம் ரெப்போ பக்கம் வந்துவிடும்.

கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (ஆன்லைன் ரெப்போவுக்கு அனுப்புவது) எல்லாம் கிட்டில் வழக்கம்போல்தான். ஷேமுவா சிடி அந்த ஃபோல்டருக்கே கொண்டுபோகும். எஸ்எஸ்எச் பிரைவேட் கீயை (வேறு கணினிகளில் நுழைய உதவும் ரகசியச் சாவி ஃபைல்) மட்டும் அப்படியே சேர்த்துவிடாதீர்கள். ஆட் செய்யும்போது என்கிரிப்ட் செய்ய வழி இருந்தாலும், நான் கீயை ரெப்போவில் வைப்பதே இல்லை.

அப்டேட்டா, அப்கிரேடா?

பெயர்கள் இரண்டும் குழப்புகின்றன. ஷேமுவா அப்டேட் என்பது கருவியைப் புதுப்பிக்காது. உங்கள் ரெப்போவில் இருக்கும் புது மாற்றங்களை இழுத்து, கையோடு ஹோமிலும் எழுதிவிடும். புது வெர்ஷன் வரும் என்று நம்பி ஆபீஸ் மெஷினில் இதைத் தட்டினேன். அங்கே மட்டும் சேர்த்து வைத்திருந்த சில வரிகளை மேலெழுதட்டுமா என்று அது கேட்டது. படிக்காமல் சரி என்றேன், போய்விட்டன. இப்போதெல்லாம் முதலில் ஷேமுவா கிட் புல், பிறகு டிஃப், கண்ணால் பார்த்த பிறகே அப்ளை.

கருவியைப் புதுப்பிப்பது ஷேமுவா அப்கிரேட். லோக்கல் பின்னில் இருந்தால் சூடோ இல்லாமலே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவியவர்கள் ப்ரூ அப்கிரேட் ஷேமுவா என்றே செய்யுங்கள். இரண்டு வழியையும் கலந்தால் மேலே சொன்ன இரட்டை நகல் கதைதான்.

பின்சேர்க்கை: ஆபீஸ் நெட்வொர்க்கில் அப்கிரேட் செய்தால் 'ரேட் லிமிட்' (கேட்கும் அளவு தாண்டிவிட்டது) பிழை வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். புது வெர்ஷன் எது என்று ஷேமுவா, அதன் வெளியீடுகள் இருக்கும் கிட்ஹப் தளத்திடம் கேட்கிறது. லாகின் இல்லாத கேள்விகளுக்கு கிட்ஹப் ஒரு ஐபி முகவரிக்கு மணிக்கு 60 தான் அனுமதிக்கும். ஆபீஸ் முழுக்க ஒரே ஐபி என்றால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கிட்ஹப்பில் ஒரு டோக்கன் (பாஸ்வேர்டு போன்ற ரகசியக் குறியீடு) எடுத்து, கிட்ஹப்_டோக்கன் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்து மறுபடி ஓட்டுங்கள். இந்தப் பெயர் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில். டோக்கனை பாஷ்ஆர்சியில் எழுதாதீர்கள், அந்த ஃபைல் இப்போது உங்கள் ரெப்போவில் இருக்கிறது.